இல்லத்துக் கருவிகள்: மரம் அறுக்கும் இயந்திர ரம்பம்



சென்ற இதழில் ஏணியைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த உப்பல் அன்பர்கள் சிலர் ஒரு கேள்வி விடுத்திருக்கிறார்கள். கோடை இடிமழை வந்தால் நம் குடியிருப்புகளில் குல்மோஹர் கிளைகள் முறிந்து வழியடைப்பதைக் காண்கிறோம். ஊரிலோ நம்மில் பலருக்குத் தோப்பும் கொல்லையும் இருக்கின்றன. "பத்துக் குடும்பங்கள் கூடிப் பெட்ரோலில் ஓடும் ரம்பம் ஒன்றை வாங்கி, வேண்டும்போது எடுத்து உபயோகித்தால் என்ன?" என்பது அவர்களுடைய கேள்வி.

தாராளமாக வாங்கலாம். ஆனால் பணத்தைச் சேர்ப்பதற்கு முன் என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியது. தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் தலைமுறையாய் வளர்த்த தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. சர்க்கார் மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடும், அறுத்து அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. ஆனால் அறுக்க ஆள் கிடைக்க வேண்டுமே! பட்டுக்கோட்டைக்கு அருகே என் தமக்கையின் தோப்பிலும் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாய்க் கிடந்தன. விடுப்பெடுத்துக்கொண்டு உப்பலிலிருந்து ஓடினேன்.

அத்தான் எங்கிருந்தோ ஒரு ரம்பத்தை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார். அதன் முன்பிடிக்கு எதிரே தானாக நிற்க வேண்டிய கைக்காப்பு, வேலைக்கு இடைஞ்சலாயிருக்கிறதென்று கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு மரக் குவியலின்மீது ஏறி நின்றார். என் மனம் துணுக்குற்றது. ஆயினும் அவர் வயதில் மூத்தவர், தமக்கையை மணந்தவர், பட்டணத்திலிருந்து வந்த நான் அவருக்குப் புத்தி சொல்வதா என்று வாய்மூடி நின்றேன். சற்று நேரத்தில் ரம்பத்தின் நுனி, மட்டைகளுக்குள் மறைந்து கிடந்த வேறொரு மரத்தைத் தொட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் அது மேல்நோக்கி எகிறி, பிடியிலிருந்து நழுவிய அவருடைய இடக்கையைக் கிழித்துவிட்டது. உயிருக்கு மோசமில்லை. ஆனால் இன்றும் அந்தக் கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. சட்டைப் பொத்தானைத் தமக்கைதான் மாட்டிவிடுகிறாள்.

நிற்க. அந்த ரம்பம் ஏன் எகிறியது என்பதை அறிந்தால் பாதி அபாயம் நீங்கும்.

ஜெர்மானியரான ஆந்திரேயாஸ் ஸ்டீல் 1929-இல் பெட்ரோலில் ஓடும் மர ரம்பத்தைச் செய்தபோது, அதைப் பிடிக்க இருவர் தேவைப்பட்டனர். இன்று ஒருவரே தூக்கும் அளவுக்கு எடை குறைந்துவிட்டது, வேகமோ குறையவில்லை. நீண்ட எஃகுத் தகடு ஒன்றைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி ஓடுகிறது. முழு வேகத்தில் அது விநாடிக்குச் சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். வரங்கல் சாலையில் விரையும் பஸ்ஸின் வேகம் என்று கொள்ளுங்கள். தகட்டின் நுனியில், மேற்பாதி வளைவு எதிலேனும் பட்டால் பற்கள் அறுக்க இயலாமல் சிக்கிக்கொள்ள, அந்த வேகமெல்லாம் தகட்டைப் பிடித்திருப்பவர் முகத்தை நோக்கித் திருப்பி வீசுகிறது. மனிதன் கையை விலக்க எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அதற்காகவே கைக்காப்பு வைத்திருக்கிறார்கள். ரம்பம் எகிறும்போது அது முன்னே தள்ளப்பட்டு, பிரேக்கை விழச்செய்து, சங்கிலியை நொடியில் நிறுத்துகிறது. அதைக் கட்டி வைப்பது மோட்டார் வண்டியின் பிரேக்கைக் கழற்றிவிட்டு மலைப்பாதையில் இறங்குவதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு நாளும் அறுக்கத் தொடங்குமுன் பிரேக் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே மரத்தண்டை போகவேண்டும்.

பிடிக்கும் முறையும் முக்கியம். வலக்கை பின்பிடியில், இடக்கை முன்பிடியில்; இடக்கைக் கட்டைவிரல் பிடியைச் சுற்றி அடியில் மடங்கியிருக்க வேண்டும். ஒற்றைக் கையால் அறுத்தல் கூடவே கூடாது. தலையும் உடலும் தகட்டின் நேர்க்கோட்டில் இராமல் சற்றே இடப்புறம் ஒதுங்கி நில்லுங்கள். தோளுக்கு மேலே ரம்பத்தை உயர்த்தாதீர்கள். ஏணிமேல் நின்று அறுக்காதீர்கள். கிளப்பும்போது பிரேக்கைப் போட்டு, ரம்பத்தைத் தரையில் வைத்து, பின்பிடிக்குள் வலக்காலை ஊன்றிக் கயிற்றை இழுக்கவேண்டும். அந்தரத்தில் தொங்கவிட்டு இழுப்பது வீரமன்று. ஆக்ஸிலேட்டரை விட்டதும் சங்கிலி நிற்கவேண்டும். நில்லாது சுழன்றால் அன்றைக்கு வேலை இல்லை, பழுதுபார்க்கக் கொடுங்கள். ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், கையுறை, முரட்டுக் கால்சட்டை, தோல் பூட்ஸ் ஆகியவற்றின் விலையையும் ரம்பத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். இதன் ஓசை நூறு டெசிபெலைத் தாண்டும்; செவி கெட்டபின் மீளாது.

வீழ்ந்து கிடக்கும் மரம் அமைதியாகக் கிடப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது வளைத்த வில். இரு முனையும் தாங்கப்பட்டு நடுப்பகுதி அந்தரத்தில் நின்றால், அடிப்புறம் இழுபட்டும் மேற்புறம் நெருங்கியும் இருக்கும். முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு அடியிலிருந்து முடிக்கவேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டிருந்தால் முறை தலைகீழ். முதலில் அடியில், பிறகு மேலே. இதை மாற்றிச் செய்தால் தகடு மரத்தில் இறுகிக்கொள்ளும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்துவிட்டால், வேரும் மண்ணுமான அடிப்பகுதி மீண்டும் குழிக்குள் சட்டென்று நிமிர்ந்து விழக்கூடும். அந்தக் குழியருகே குழந்தைகள் விளையாட ஒருபோதும் விடாதீர்கள்.

நிற்கும் மரத்தை வீழ்த்துவது நம்போன்றவர் வேலையன்று, பழகியவரை அழையுங்கள். மின்கம்பி பட்ட மரமானால் கிட்டே போகாமல் 1912 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். தெலங்கானாவில் 2002-ஆம் ஆண்டின் நீர், நிலம், மரச் சட்டப்படி, நம் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தை வெட்டவும் அனுமதி பெறவேண்டியிருக்கலாம் என்பதையும் மறவாதீர்கள்.

இனி பராமரிப்பு. பழைய வெஸ்பா, பஜாஜ் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இந்த இஞ்சின் புதிதன்று. பெட்ரோலோடு டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்தே ஊற்றவேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்று குறிப்பேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. தனி டப்பாவில் கலந்து நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். வெறும் பெட்ரோலை ஊற்றினால் இஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஓடிக் களைத்த இஞ்சின் ஆறியபிறகே பெட்ரோல் ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, அவ்விடத்தைவிட்டுப் பத்தடி தள்ளிவந்து கிளப்புங்கள். அருகில் பீடி, சிகரெட் ஆகாது. மூடிய அறையில் ஓட்டினால் புகையே நஞ்சாகும்.

சங்கிலிக்குத் தனி எண்ணெய்த் தொட்டி உண்டு. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அதையும் நிரப்புங்கள். சங்கிலி தகட்டோடு ஒட்டியிருக்கவேண்டும். ஆயினும் இஞ்சினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, கையுறையோடு இழுத்தால் தடையின்றி நகரவேண்டும். சூட்டில் சங்கிலி நீளும், ஆறினால் சுருங்கும். ஆதலால் சூட்டில் இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள்.

கூர்மையை அறுபட்டு விழும் தூளே சொல்லும். சிறு சிறு சீவல்களாய் விழுந்தால் பல் கூர்மை. மாவாய் உதிர்ந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய ரம்பத்தை நாம் அழுத்துவோம். அழுத்தும் கை தவறும். அளவுக்கேற்ற உருண்டை அரத்தால், உள்ளிருந்து வெளிப்புறமாக மட்டும், எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் ராவுங்கள். காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். தகட்டின் காடியிலுள்ள அழுக்கை நீக்கி, அவ்வப்போது தகட்டைத் திருப்பிப் போடுங்கள். பல மாதம் வைக்கநேர்ந்தால் தொட்டியைக் காலிசெய்து, இஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டி, உறையிட்டு வையுங்கள்.

பத்துக் குடும்பம் கூடி வாங்கும் பொருளைப் பேணுபவர் ஒருவராகவே இருக்கட்டும். பொதுப்பசு பால் கறக்கும். புல் போடுவார் இரார். தனியே யாரும் அறுக்கவேண்டாம். கூப்பிடு தூரத்தில் ஒருவர், சுத்தமான துணியோடு இருக்கட்டும். காயம் பட்டால் துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்து, 108-ஐ அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நியமம். ரம்பம் ஓடும் இடத்தில் யார் "நிறுத்து" என்றாலும் உடனே நிறுத்தவேண்டும். சொல்பவர் மைத்துனனாயினும், வீட்டுப் பெண்ணாயினும், பத்து வயதுச் சிறுவனாயினும் சரியே. காரணத்தை நிறுத்தியபின் கேட்டுக்கொள்ளலாம். நாம் மூத்தோர் சொல்லுக்கு மறுசொல் கூறாது வளர்ந்தவர்கள். அது நல்ல பண்பே. ஆனால் ரம்பத்துக்கு மூத்தவர் இளையவர் தெரியாது.

"நீ சொல்லியிருந்தால்தான் நான் கேட்டிருப்பேனா?" என்று அத்தான் இன்றும் சிரிக்கிறார். கேட்டிருப்பாரோ மாட்டாரோ, நான் சொல்லியிருக்கவேண்டும். நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் காண்போம்.