மரபுப் பன்மையே காப்பு

சுங்கை பட்டாணியிலிருந்து பாலிங் நோக்கிச் செல்லும் வழியெங்கும் பால்மரங்களும் செம்பனைகளும் வரிசை வரிசையாக நிற்கின்றன. அலோர் ஸ்டாரைச் சுற்றியுள்ள மூடா சமவெளியில் நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. கெடாவை நாட்டின் நெற்களஞ்சியம் என்கிறோம். இம்மாநிலத்தில் வாழும் தமிழர் பலரின் குடும்ப வரலாறு ஏதோ ஒரு பால்மரத் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. நமக்குச் சோறிட்ட இப்பயிர்களின் வெளித்தோற்றத்தை நாம் நன்கு அறிவோம். ஆனால், அவற்றின் உள்ளே எழுதப்பட்டுள்ள மரபுச் செய்தியை அறிந்திருக்கிறோமா? அதை அறிந்தால் ஓர் உண்மை தெளிவாகும். ஒரே வகை மரபை மட்டும் நம்பி வாழ்வது ஆபத்து. பயிர்களின் மரபுப் பன்மையைக் காப்பதே பாதுகாப்பு. இதுவே என் கருத்து.

முதலில் மரபணுத்தொகுதி என்றால் என்ன என்று காண்போம். ஒவ்வோர் உயிரணுவிலும் டிஎன்ஏ என்னும் மிக நீண்ட இழை உள்ளது. அந்த இழையில் நான்கு வகை வேதிப்பொருள்கள் எழுத்துகளைப் போல மாறி மாறி அமைந்துள்ளன. எழுத்துகள் சேர்ந்து சொல்லாவதுபோல, அவை சேர்ந்து மரபணுக்களாகின்றன. சொற்கள் இயல்களில் அடங்குவதுபோல, மரபணுக்கள் குரோமோசோம்களில் அடங்குகின்றன. எல்லா இயல்களும் சேர்ந்த முழு நூலே மரபணுத்தொகுதி. மனிதனுக்கு 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. நெல்லுக்கு 12 இணை, செம்பனைக்கு 16 இணை, பால்மரத்துக்கு 18 இணை.

பெரிய உயிருக்குப் பெரிய நூல் இருக்கும் என்று எண்ணுவது தவறு. மனிதனின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 3 பில்லியன் எழுத்துகள் உள்ளன. நம் சமையலறையில் இருக்கும் வெங்காயத்துக்கோ ஏறத்தாழ 16 பில்லியன் எழுத்துகள்! வெங்காயம் மனிதனைவிட அறிவில் சிறந்தது என்று யாரும் சொல்லமாட்டோம். அந்த எழுத்துகளில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் தொடர்களே. எனவே, உயிர்களை ஒப்பிடும்போது நூலின் தடிமனைப் பார்க்காமல் அதில் எழுதப்பட்டுள்ள செய்தியைப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு ஒப்பிட்டால் வியப்பான உறவுகள் வெளிப்படும். தோட்ட வீடுகளின் பின்புறம் வளர்க்கப்படும் மரவள்ளியின் இலைக்காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும். பால்மரத்தின் பட்டையைச் சீவினாலும் பால் வடியும். இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. மரவள்ளி, பால்மரம், நம் பாட்டிமார் போற்றிய விளக்கெண்ணெயைத் தரும் ஆமணக்கு ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மரவள்ளிக்கும் பால்மரத்துக்கும் 18 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஆமணக்குக்கு 10 இணை மட்டுமே. மரவள்ளியும் பால்மரமும் பிரிவதற்கு முன்னர், அவற்றின் பொது மூதாதையின் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்தது என்று அறிவியலாளர்கள் கண்டறிந்துள்ளனர். பின்னர், ரப்பர் உண்டாவதற்குத் துணைபுரியும் ஒரு மரபணுக் குடும்பம் பால்மரத்தில் மட்டும் மேலும் பெருகியது. உறவினரான மரவள்ளி கிழங்கைத் தர, பால்மரம் ரப்பரைத் தருவதற்கு இது ஒரு காரணம்.

பால்மரத்தின் மரபுச் செய்தியை முதன்முதலில் படித்து வெளியிட்டவர்கள் நம் நாட்டு அறிவியலாளர்களே என்பது பெருமைக்குரியது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழுவினர் 2013ஆம் ஆண்டில் அதன் முதல் வரைவை வெளியிட்டனர். அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மரம் ஆர்ஆர்ஐஎம் 600 என்னும் வகை. மலேசிய ரப்பர் ஆய்வுக் கழகம் உருவாக்கிய இவ்வகை மரத்தைப் பழைய தோட்டத் தொழிலாளர்கள் நன்கு அறிவர்.

இனி, இம்மரபு எவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகிறது என்று பார்ப்போம். விதையிலிருந்து முளைக்கும் கன்று தாய்மரத்திடமிருந்து ஒரு பாதியையும் தந்தைமரத்திடமிருந்து மறுபாதியையும் பெறுகிறது. அதனால், ஒரே மரத்தின் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளும் உடன்பிறந்தவர்களைப் போல வேறுபட்டிருக்கும். ஒன்று நிறையப் பால் தரும். மற்றொன்று குறைவாகத் தரும். தோட்ட முதலாளிகள் இதை விரும்பவில்லை. எனவே, நன்கு பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து நாற்றில் ஒட்டுக்கட்டும் முறை வந்தது. இப்படி வளரும் மரத்தின் வேர் விதைநாற்றின் மரபைக் கொண்டது. மேலே வளரும் தண்டும் கிளைகளும் மொட்டு தந்த மரத்தின் மரபைக் கொண்டவை. ஒரே மரத்தில் இரண்டு மரபுகள்! ஆயிரம் நாற்றுகளில் ஒட்டுக்கட்டினால், ஆயிரம் மரங்களின் தண்டும் கிளையும் ஒரே மரத்தின் நகல்களாகிவிடும்.

இதனால் விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால், இதில்தான் ஆபத்தும் அடங்கியுள்ளது. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவை 3,000க்கும் குறைவு. பெரும்பாலான கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அமேசான் காடு மிகப் பரந்தது. ஆயினும், அதன் ஒரு சிறு பகுதியில் பொறுக்கப்பட்ட விதைகளின் வழிவந்தவையே ஆசியத் தோட்டங்களின் பெரும்பாலான மரங்கள். பல இலட்சம் ஹெக்டரில் பரந்து நிற்கும் மரங்கள் ஒரு சிறிய குடும்பத்தின் பிள்ளைகள் என்றால் மிகையன்று.

இதில் என்ன ஆபத்து என்று சிலர் கேட்கலாம். தென் அமெரிக்காவில் பால்மர இலைகளைத் தாக்கும் இலைக்கருகல் நோய் ஒன்று உண்டு. காட்டில் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில், வெவ்வேறு மரபுடன் நிற்பதால் நோய் எளிதில் பரவுவதில்லை. ஹென்றி ஃபோர்டு 1928இல் பிரேசிலில் ஃபோர்ட்லாந்தியா என்னும் பெருந்தோட்டத்தைத் தொடங்கினார். நெருக்கமாக நடப்பட்ட மரங்களை அந்நோய் தாக்கியது. மிகுந்த பொருட்செலவுக்குப் பின்னர் 1945இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்நோய் ஆசியாவுக்குள் நுழையாமல் நம் நாடும் அண்டை நாடுகளும் விழிப்போடு காவல் காக்கின்றன. ஆனாலும், அண்மை ஆண்டுகளில் வேறொரு பூஞ்சை சார்ந்த இலையுதிர்வு நோய் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் மரங்களைத் தாக்கியுள்ளது. இலை உதிர்ந்தால் பால் குறையும். பால் குறைந்தால், சில ஏக்கர் நிலத்தை மட்டுமே நம்பி வாழும் கெடா சிறுதோட்டக்காரரின் வருமானம் குறையும். பள்ளிக் கட்டணமும் மளிகைச் செலவும் அந்தப் பாலிலிருந்துதானே வருகின்றன?

இந்நிலையை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் இருந்தனர். 1981இல் அனைத்துலக ரப்பர் ஆய்வு அமைப்பின் குழுவொன்று பிரேசிலின் ஆக்ரே, ரொண்டோனியா, மாத்தோ குரோசோ ஆகிய மாநிலங்களுக்குச் சென்று 60,000க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டியது. அவற்றுள் ஒரு பங்கு மலேசியாவுக்கு வந்தது. அவ்விதைகளில் வளர்ந்த மரங்கள் பால் குறைவாகத் தரலாம். ஆயினும், நோயைத் தாங்கும் மரபணு ஒன்று அவற்றுள் எதிலாவது இருக்கக்கூடும். நாளைய தேவைக்காக இன்று சேமித்த வைப்புநிதி அது.

மரபணுத்தொகுதியைப் படிப்பதால் உழவருக்கு உடனடிப் பயனும் உண்டு. செம்பனையை எடுத்துக்கொள்வோம். டூரா வகைப் பழத்தின் கொட்டை ஓடு தடித்தது. பிசிஃபெரா வகைக்கு ஓடு இல்லை. பெரும்பாலும் குலையும் நிலைப்பதில்லை. இரண்டையும் கலந்தால் கிடைக்கும் தெனெராவின் ஓடு மெல்லியது. டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக எண்ணெய் தரும். இந்த வேறுபாட்டுக்கு ஒரேயொரு மரபணுவே காரணம் என்பதை 2013இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் அறிவியலாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து கண்டறிந்தனர். ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகியோர் அக்குழுவில் முன்னின்றனர். தெனெரா மரத்தடியில் விழுந்து முளைத்த கன்றுகளைப் பிடுங்கி நட்டால், நான்கில் ஒன்று டூராவாகவும் நான்கில் ஒன்று பிசிஃபெராவாகவும் அமைய வாய்ப்புண்டு. முன்பு இதனை அறிய, கன்று வளர்ந்து காய்க்கும்வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இன்று ஒரு சிறு இலைத்துண்டைச் சோதித்தே அறியலாம். சிறு நிலம் வைத்திருப்பவருக்கு இது எத்துணைப் பெரிய உதவி!

பன்மையின் பயனை நம் சோற்றுத் தட்டிலும் காணலாம். 1950களில் இந்தியாவின் கட்டாக் நகரில் பல நாட்டு நெல்வகைகளைக் கலக்கும் திட்டமொன்று நடந்தது. தைவானின் தைச்சுங் 65, மலாயாவின் மாயாங் எபோஸ் 80 ஆகிய இரண்டும் அதில் கலக்கப்பட்டன. அக்கலப்பிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நெல்லை மலேசியா 1965இல் மசூரி என்னும் பெயரில் வெளியிட்டது. கெடாவின் லங்காவித் தீவுக் கதையில் வரும் மசூரியின் பெயர் அது. அந்நெல் தமிழ்நாட்டுக்குச் சென்று ‘பொன்னி’ எனப் பெயர் பெற்றது. இன்று நாம் கடையில் பொன்னி அரிசி கேட்டு வாங்கும்போது, மலாயா நெல்லின் மரபு கலந்த அரிசியையே வாங்குகிறோம். தைவான், மலாயா, இந்தியா ஆகிய மூன்று மண்ணின் தொடர்பு இல்லாமல் பொன்னி பிறந்திருக்காது. மாயாங் எபோஸ் போன்ற பழைய வகையை ‘இது எதற்கு?’ என்று யாரேனும் அழித்திருந்தால் என்னவாகியிருக்கும்?

என் கருத்தை மறுப்போரும் உண்டு. குறைந்த விளைச்சல் தரும் பழைய மரங்களுக்கு நிலத்தையும் பணத்தையும் ஏன் செலவிட வேண்டும் என்று அவர்கள் கேட்கின்றனர். விளைச்சல் இல்லாமல் தோட்டக்காரர் வாழ முடியாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால், எல்லா நிலத்திலும் காட்டு மரங்களை நடுங்கள் என்று யாரும் கூறவில்லை. ஒரு தோட்டத்தில் ஒரே வகைக்குப் பதிலாக மூன்று நான்கு வகைகளை நடலாம். பழைய வகைகளை ஆய்வு நிலையங்களில் தொடர்ந்து பேணலாம். வீட்டுக்குக் காப்புறுதி எடுப்பவர் வீடு தீப்பற்றவில்லையே என்று வருந்துவதில்லை. மரபுச் சேமிப்பும் அத்தகைய காப்புறுதிதான்.

மரபைப் பற்றிப் பேசும்போது ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். மரபே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சிலர் நம்புகின்றனர். “தோட்டத்துப் பிள்ளைதானே, பரம்பரை அப்படி” என்று கூறும் வாயும் உண்டு. அறிவியல் இதை ஏற்பதில்லை. ஒரே மரத்தின் நகல்களான இரு பால்மரங்களை இருவேறு மண்ணில் நட்டு, ஒன்றுக்கு உரமிட்டு முறையாகச் சீவினால், அவை ஒரே அளவு பால் தருமா? எந்த இரு மனிதரின் மரபணுத்தொகுதியை எடுத்து ஒப்பிட்டாலும், ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றாகவே இருக்கும். எனவே, பரம்பரையைக் காட்டி எவரையும் தாழ்த்துவதற்கு அறிவியலில் இடமில்லை. கிடைக்கும் கல்வியும் பேணும் அன்பும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை சில உள. அரசு பயிர் மரபு சேமிப்புக்குத் தடையின்றி நிதி ஒதுக்க வேண்டும். சிறுதோட்டக்காரர்களுக்குச் சான்று பெற்ற பல வகைக் கன்றுகள் எளிய விலையில் கிடைக்க வேண்டும். பள்ளித் தோட்டங்களில் பழைய மரவள்ளி, வாழை, கீரை வகைகளை நட்டுப் பெயரெழுதி வளர்க்கலாம். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் இக்காலத்தில், வீட்டுக் கொல்லைகளில் எஞ்சியுள்ள வகைகளைப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துவைக்கலாம். நம் முன்னோர் விடியற்காலையில் எழுந்து பால்மரத்தின் பட்டையைச் சீவி, அதன் வெளிப்புறத்தை விரல்நுனியால் அறிந்தனர். அம்மரத்தின் உள்ளே உள்ள நூலைப் படிக்கும் வாய்ப்பு இன்றைய மாணவர்களுக்குக் கிடைத்துள்ளது. அதைப் படிப்போம்; அதன் பல பக்கங்களும் அழியாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்போம்.