ஐரிஸும் ஊட்டிப் பனியும்

கோவையில இருந்துக்கிட்டு ஆன்லைன்ல ஐரிஸ் கிழங்கு வாங்கற நண்பர்களே, மொட்டை மாடித் தொட்டியில வைக்கத்தான்னா அந்தக் காசுக்கு அன்னபூர்ணால காபி குடிச்சிடுங்க :-) தாடி ஐரிஸ் பூக்கணும்னா நல்ல குளிர் வேணும். நம்மூர் மார்கழியெல்லாம் அதுக்கு ஒரு குளிரே இல்லைங்க.

ஊட்டிப் பக்கம் தோட்டம் இருக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. அங்க குளிர் இருக்கு, ஆனா அது காஷ்மீர்க் குளிர் இல்லை. பனித்துளி, மூடுபனி, உறைபனி, பனிப்பொழிவுன்னு எல்லாத்தையும் நாம 'பனி'ன்னே சொல்லிடறோம். குழப்பமே அங்கதான். காஷ்மீர்ல கல்லறைகள் மேல ஐரிஸ் நடற வழக்கம் உண்டு. அங்க விழற பனி மண்ணுக்குப் போர்வை மாதிரி. அடியில வெப்பம் ரொம்ப ஏறி இறங்காது. ஊட்டியில அந்தப் போர்வை கிடையாது. டிசம்பர், ஜனவரியில வானம் தெளிவா இருக்கற ராத்திரி உறையும், காலை வெயில்ல உருகும், மறுநாள் ராத்திரி மறுபடி உறையும். ஈர மண் இப்படி உறைஞ்சு உருகினா, வேர் பிடிக்காத கிழங்கை மேலே தள்ளிடும்.

1848-ல ஆரம்பிச்ச ஊட்டி தாவரவியல் பூங்காவுல, நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியால மூடிக் காப்பாத்தறாங்க. நாற்றுக்கு அது சரி. அதைப் பாத்து ஐரிஸையும் தழை போட்டு மூடறதுல எனக்கு உடன்பாடு இல்லை. ஐரிஸோட உயிர் இலையில இல்லை, கிழங்குல இருக்கு. இலை நுனி கருகினா கருகட்டுமே! வடகிழக்குப் பருவமழையில ஊறின கிழங்கை மூடி வச்சா அழுகிடும். குளிரை விட ஈரம்தான் அதுக்கு எமன்.

செப்டம்பர்லயே நட்டுடுங்க, டிசம்பருக்குள்ள வேர் இறங்கிடும். மேட்டுப்பாத்தி போட்டு, கிழங்கோட முதுகு வெயில் படற மாதிரி வைங்க. பள்ளம் வேண்டாம், ராத்திரி குளிர்காத்து அங்கதான் வந்து தேங்கும்.

நீலகிரிப் புல்வெளியும் இப்படித்தான் பிழைக்குது. திறந்த வெளியில சோலை மரக்கன்றுகள் உறைபனியில கருகிடும். புல்லு அடியில இருந்து திரும்பத் துளிர்க்கும். அந்தப் புல்வெளியைத்தான் வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்த சீகை மரத்தை நட்டு நாம பாதி கெடுத்தோம். அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்: ஓடையோரம், சதுப்புப் பக்கம் மஞ்சள் ஐரிஸ் மட்டும் நடாதீங்க. அமெரிக்கா, நியூசிலாந்து நீர்நிலைகள்ல அது களையாப் பரவிக் கிடக்கு. தாடி ஐரிஸை வீட்டுப் பாத்தியில வச்சு அழகு பாருங்க, போதும்.