மசில் கார்கள்: ஒரு தலைமுறையோடு இறங்கும் விலை

2022 மே மாதம், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் மீக்கம் நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1970ஆம் ஆண்டு மாடலான பிளிமத் சூப்பர்பேர்ட் கார் ஒன்று 16.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. அன்றைய மாற்று மதிப்பில் ஏறக்குறைய 13 கோடி ரூபாய். அந்த மாடலுக்கு அதுவரை ஏலத்தில் எவரும் கொடுத்திராத தொகை அது. 2025 ஜனவரியில் அதே கார், அதே நிறுவனம் புளோரிடா மாநிலத்தின் கிஸ்ஸிமி நகரில் நடத்திய ஏலத்துக்கு மீண்டும் வந்தது. இம்முறை கிடைத்தது 4.18 லட்சம் டாலர். மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையாத இடைவெளியில் 12 லட்சம் டாலருக்கு மேல் கரைந்துவிட்டது.

இந்த விற்பனையை இரண்டு விதமாக வாசிக்கலாம். மசில் கார்களின் காலம் முடிந்துவிட்டது என்பது ஒரு வாசிப்பு. 2022இல் நடந்ததுதான் விபத்து, இப்போது கிடைத்ததே இயல்பான விலை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், இரண்டாவதைப் புரிந்துகொண்டால்தான் முதலாவதில் எவ்வளவு உண்மை என்பதை அளவிட முடியும்.

மசில் கார் என்பது அமெரிக்க மண்ணுக்கே உரிய ஒரு வகை. நடுத்தர அளவுள்ள, விலை மலிவான காரில் மிகப் பெரிய வி-8 இன்ஜினைப் பொருத்துவதே அதன் சூத்திரம். 1964இல் வெளிவந்த பான்டியாக் ஜிடிஓ இவ்வகையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. நடுத்தரக் கார்களில் பெரிய இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குள் விதி இருந்தது. ஜான் டிலோரியன் உள்ளிட்ட பான்டியாக் பொறியாளர்கள், 6.4 லிட்டர் இன்ஜினை வாடிக்கையாளர் விரும்பிக் கேட்கும் கூடுதல் வசதி என்று அறிவித்து அந்த விதியைத் தாண்டினர். கார் பெருவெற்றி பெற்றதும் மற்ற நிறுவனங்களும் போட்டியில் இறங்கின. 1970இல் செவ்ரோலெட் ஷெவெல் காரின் 7.4 லிட்டர் இன்ஜின் 450 குதிரைத்திறன் கொண்டதாக விளம்பரம் செய்யப்பட்டது. அதே ஆண்டில் தூய காற்றுச் சட்டம் வந்தது. இளைஞர்கள் ஓட்டும் அதிவேகக் கார்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது எஞ்சியிருந்ததும் முடிந்தது. பத்தாண்டுகளுக்குள் தோன்றி, உச்சம் தொட்டு, மறைந்த ஒரு வகை இது.

இப்போது செய்தியில் அடிபடும் சூப்பர்பேர்டின் கதை இன்னும் விசித்திரமானது. நாஸ்கார் பந்தயத்தில் வெல்வதற்காகவே அது உருவாக்கப்பட்டது. கூர்மையான மூக்கும் பின்புறத்தில் ஆளுயரத்தை நெருங்கும் இறக்கையும் காற்றின் தடையைச் சமாளிப்பதற்கானவை. போர்டு நிறுவனத்துக்குச் சென்றுவிட்ட ரிச்சர்ட் பெட்டி என்ற பந்தய நட்சத்திரத்தைத் திரும்ப அழைத்து வந்ததும் இந்தக் கார்தான். பந்தயத்தில் ஓட வேண்டுமானால் பொதுமக்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விற்க வேண்டும் என்பது விதி. ஆகவே 1,900க்கும் மேற்பட்ட கார்கள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் ‘ஹெமி’ என்ற 7 லிட்டர் இன்ஜின் பொருத்தப்பட்டவை சுமார் 135 மட்டுமே. வாங்க ஆள் வரவில்லை. சுமார் 4,300 டாலர் விலையிட்ட கார்கள் விற்பனை நிலையங்களில் மாதக்கணக்கில் தேங்கின. சில விற்பனையாளர்கள் இறக்கையையும் மூக்கையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக மாற்றித் தள்ளிவிட்டனர். புதிதாக இருந்தபோது வேண்டாப் பொருள். அரை நூற்றாண்டுக்குப் பின் 13 கோடி.

அந்த 13 கோடியைக் கொடுக்க முன்வந்தவர்கள் யார் என்பதில்தான் சந்தையின் சூட்சுமம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946 முதல் 1964 வரை பிறந்த தலைமுறையை அமெரிக்கர்கள் ‘பேபி பூமர்’ என்கின்றனர். பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டிய ஜிடிஓவைப் பார்த்து ஏங்கிய சிறுவர்கள் இவர்கள். அன்று கையில் காசில்லை. 50 வயதை எட்டியபோது வீட்டுக் கடன் முடிந்து, பிள்ளைகள் கல்லூரியைக் கடந்து, கையில் பணம் புரண்டது. பாரெட்-ஜாக்சன் நிறுவனம் அரிசோனாவில் நடத்தும் ஏலங்கள் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பாயின. விலைகள் ஏறின; 2008 நிதி நெருக்கடியில் சரிந்தன; மீண்டும் எழுந்தன. 2014இல், மொத்தமே 11 தயாரிக்கப்பட்ட 1971 ஹெமி குடா திறந்த கூரைக் கார்களில் ஒன்று 35 லட்சம் டாலருக்கு விற்றது. 2020 ஜனவரியில், ‘புல்லிட்’ திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய 1968 மஸ்டாங் 37.4 லட்சம் டாலரைத் தொட்டது.

ஆனால் ஏல விலையை நாம் வாசிக்கும் முறையில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. ஏலத்தில் ஒரு பொருள் உச்ச விலையை எட்ட ஆயிரம் பேர் தேவையில்லை. விட்டுக்கொடுக்காத இருவர் போதும். 2022இல் சூப்பர்பேர்டுக்குச் சுத்தியல் விழுந்தது 15 லட்சம் டாலரில். வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்தும் 10 சதவீதக் கட்டணம் சேர்ந்துதான் 16.5 லட்சம். அந்தத் தொகை வரை துரத்திக்கொண்டு வந்த இரண்டாம் நபர் ஒருவர் அன்று கூடத்தில் இருந்தார். 2025இல் அப்படியொருவர் இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு. பிற ஹெமி சூப்பர்பேர்டுகள் பெரும்பாலும் சில லட்சம் டாலர் அளவிலேயே கைமாறி வந்திருக்கின்றன. ஆக, காணாமல்போன 12 லட்சம் டாலரில் பெரும்பகுதி சந்தையில் என்றுமே இருந்ததில்லை; ஒரு பிற்பகலில் இரண்டு மனிதர்களின் பிடிவாதத்தில் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு தொகை மறுநாளே ‘சந்தை மதிப்பு’ ஆகிவிடுகிறது. அதே மாடலை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் காரும் அவ்வளவு பெறும் என நம்புகிறார். காப்பீட்டுத் தொகை அதற்கேற்ப உயர்கிறது. அடுத்த ஏலத்தில் குறைந்தபட்ச விலை அதற்கேற்ப வைக்கப்படுகிறது. 2021இல் மற்றொரு ஹெமி குடா திறந்த கூரைக் காருக்கு 48 லட்சம் டாலர் வரை கேட்கப்பட்டும் உரிமையாளர் தர மறுத்துவிட்டார். விற்காத காரின் விலையும் பேசப்படும் விலையாகிவிட்டது. உச்ச விலைகள் தலைப்புச் செய்தியாகும் வேகத்தில் சரிந்த விலைகள் செய்தியாவதில்லை. இந்தச் சூப்பர்பேர்ட் ஒரு விதிவிலக்கு.

பெருந்தொற்றுக் காலமும் இதற்குத் தூபம் போட்டது. வட்டி ஏறத்தாழ பூஜ்ஜியம்; பங்குச் சந்தை உச்சத்தில்; வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் இணைய ஏலங்களில் புகுந்தனர். 2022 மார்ச்சில் வட்டியை உயர்த்தத் தொடங்கிய அமெரிக்க மத்திய வங்கி, 2023 ஜூலைக்குள் அதை 5.25-5.5 சதவீதத்துக்குக் கொண்டுசென்றது. வங்கியில் போட்டாலே ஐந்து சதவீதம் கிடைத்தபோது, ஈனாத பசு போன்ற பழைய காரில் பணத்தை முடக்க எத்தனை பேர் துணிந்திருப்பர்?

வட்டி இறங்கினால் இந்தப் பகுதி சரியாகிவிடும். சரியாகாதது வயது. 1970இல் 16 வயதாக இருந்தவருக்கு 2025இல் 71. அவர் விற்கும் இடத்தில் இருக்கிறார், வாங்கும் இடத்தில் இல்லை. அவருக்கு அடுத்து வந்தவர்களின் ஏக்கம் வேறு. 2001இல் வெளியான ‘தி பாஸ்ட் அண்டு தி பியூரியஸ்’ படத்தில் ஒரு 1970 டாட்ஜ் சார்ஜரும் ஆரஞ்சு நிற டொயோட்டா சூப்ராவும் அருகருகே சீறிப் பாய்ந்தன. அன்று அதைப் பார்த்த பதின்வயதினரில் பலர் ஜப்பானியக் காரைத் தேர்ந்தெடுத்தனர். பால் வாக்கர் திரையில் ஓட்டிய அந்தச் சூப்ரா 2021 ஜூனில் 5.5 லட்சம் டாலருக்கு ஏலம்போனது. திரைப்புகழ் சேர்ந்த விலைதான். ஆனாலும், 135இல் ஒன்றான ஹெமி சூப்பர்பேர்டு நான்கு ஆண்டுகள் கழித்துப் பெற்றதைவிட அதிகம். அமெரிக்கச் சட்டப்படி 25 ஆண்டுகள் கடந்த வெளிநாட்டுக் கார்களைத் தாராளமாக இறக்குமதி செய்யலாம். 1999இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஆர்34, 2024இல் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. நாற்பது வயதுக்காரர்களின் பணம் அங்கே போகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிளிமத் என்ற பெயரே 2001இல் கைவிடப்பட்டது. பான்டியாக் 2010இல் மூடப்பட்டது. இன்று 30 வயதுள்ள அமெரிக்கர் ஒருவருக்கு பிளிமத் விற்பனை நிலையத்துக்குள் நுழைந்த நினைவு இருக்க வழியில்லை. பெராரி அப்படியல்ல; அது இன்றும் புதிய கார்களைத் தயாரிக்கிறது, பந்தயங்களில் ஓடுகிறது, டோக்கியோவிலும் துபாயிலும் அதற்கு ஆசைப்படுவோர் இருக்கின்றனர். அமெரிக்காவின் பெரிய பழைய கார்களைக் கொண்டாடும் ஸ்வீடன் போன்ற சில இடங்களைத் தவிர்த்தால், மசில் காருக்கு வெளிநாட்டில் வாங்குவோர் குறைவு. ஒரே நாட்டின் ஒரே தலைமுறையை நம்பி நிற்கும் சந்தை, அத்தலைமுறையோடு சேர்ந்தே மெலியும்.

அதற்காக எல்லாம் ஒரே சீராகச் சரியவில்லை. இங்கே ஆவணம்தான் உயிர். கிரைஸ்லர் குழுமம் அக்காலத்தில் தயாரித்த கார்களின் அடையாள எண்ணில் ஐந்தாவது குறியீடு இன்ஜினைச் சுட்டும். ‘ஆர்’ என்று இருந்தால் 7 லிட்டர் ஹெமி. எனவே ஹெமி கார்களைப் போலியாகச் சமைப்பது கடினம். 1970 ஷெவெலில் அந்த வசதி இல்லை. உயர்ரக ‘எஸ்எஸ்’ என்பது கூடுதல் வசதித் தொகுப்பு மட்டுமே என்பதால், அடையாள எண்ணைப் பார்த்து உண்மையான எஸ்எஸ் காரையும், சாதாரண மாலிபுவில் சின்னங்களை ஒட்டி உருவாக்கியதையும் பிரிக்க முடியாது. தொழிற்சாலைத் தாள் கையில் உள்ள ஷெவெலுக்கு ஒரு விலை. இல்லாததற்கு அதில் ஒரு பங்கு. உச்சியில் உள்ள சில அபூர்வக் கார்கள் இனியும் பெரும் பணம் பெறும். பழைய உடலுக்குள் புதிய இன்ஜினையும் நவீன பிரேக்கையும் பொருத்திய ‘ரெஸ்டோமாட்’ கார்களுக்கும் மவுசு கூடியிருக்கிறது, ஏனெனில் அவற்றை அன்றாடம் ஓட்டலாம். அடிபடுவது நடுவில் உள்ளவை: நல்ல கார்கள், ஆனால் ஆயிரக்கணக்கில் தயாரானவை.

அந்த நடுப்பகுதியில்தான் சாமானியர்களின் பணம் இருக்கிறது. 2006 உச்சத்தில் வாங்கி, வாங்கிய விலைக்கே இன்று விற்பவர் நட்டமடையவில்லை என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் பொதுவிலைகள் அதன் பின் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டன. கொட்டகை வாடகை, காப்பீடு, பழுதுச் செலவு தனி. சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு மத்திய அரசின் வரி 28 சதவீதம் வரை. பங்குகளுக்கு அது 20 சதவீதத்தைத் தாண்டாது. இதில் ஒரு முரண் உண்டு. உரிமையாளர் உயிரோடு இருக்கும்போது விற்றால் அந்த வரி. அவர் இறந்து வாரிசுகள் விற்றால், இறந்த நாளின் மதிப்பே அடக்க விலையாகக் கொள்ளப்படுவதால் வரி ஏறக்குறைய இல்லை. ஆகவே, முன்பே மலிவாக வாங்கியவர்களுக்குக் காத்திருப்பதே லாபம் என்று வரிச்சட்டம் சொல்கிறது. அவர்கள் காத்திருந்தால், ஒரு தலைமுறையின் கார்கள் பத்துப் பதினைந்து ஆண்டுக் காலத்துக்குள் ஒன்றாகச் சந்தைக்கு வரும். விற்பவர்கள், அந்தக் கார் எதற்கு அப்பாவுக்கு அவ்வளவு பிடித்தது என்று அறியாத பிள்ளைகளாக இருப்பார்கள். கிஸ்ஸிமியின் ஜனவரி ஏலத்துக்கு இப்போதே ஏறத்தாழ 4,000 வாகனங்கள் வருகின்றன.

இது துயரச் செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. பூட்டிய கொட்டகையில் துணி போர்த்தி நின்ற கார்கள், விலை இறங்கினால் தெருவுக்கு வரும். கார் பழுதுபார்க்கும் தொழிலாளியின் மகன் மீண்டும் ஒரு ஷெவெலை வாங்க முடியும். ஓய்வூதியத்துக்கு மாற்றாக அதை நம்பியவர்களுக்குத்தான் இழப்பு. அவர்களுக்கு அந்த நம்பிக்கையை ஊட்டியதில் ஏல நிறுவனங்களின் நேரலைகளுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

இதற்கிடையே, அதே பாடம் புதிய கார்களிலும் தொடங்கியிருக்கிறது. டாட்ஜ் நிறுவனம் வி-8 இன்ஜின் கொண்ட சேலஞ்சர், சார்ஜர் தயாரிப்பை 2023 டிசம்பரில் நிறுத்தியது. விடைபெறும் மாடலாக வந்த சேலஞ்சர் டீமன் 170, 1,025 குதிரைத்திறன் கொண்டது. அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 96,666 டாலர். எதிர்காலச் செல்வம் என்று எண்ணிப் பலர் அதற்கு மேலும் கொடுத்து வாங்கினர். 1970இல் சூப்பர்பேர்டை யாரும் சேமித்து வைக்க நினைக்கவில்லை. ஓட்டித் தேய்த்தார்கள், இடித்தார்கள், இறக்கையைக் கழற்றி எறிந்தார்கள். மிஞ்சியவை அதனால்தான் அபூர்வமாயின. டீமன்களோ, ஓடோமீட்டரில் சில மைல்கள் மட்டும் பதிவாகி, இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், இப்போதே ஏல விளம்பரங்களில் வரிசையாக நிற்கின்றன.