1798-ல் போட்ட கையெழுத்து... 2025-ல் டிரம்ப் கையில்! யார் இந்த ஜான் ஆடம்ஸ்?

2025 மார்ச்சில், வெனிசுலாவைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விமானத்தில் ஏற்றி எல் சால்வடார் சிறைக்கு அனுப்பியது டிரம்ப் அரசு. 'ட்ரென் டி அராகுவா' என்ற கும்பலைச் சேர்ந்தவங்க என்பது குற்றச்சாட்டு. கோர்ட் விசாரணை எதுவும் இல்லை. இதற்கு டிரம்ப் கையில் எடுத்தது 'அந்நிய எதிரிகள் சட்டம்'. 1798-ல் அதில் கையெழுத்துப் போட்டவர், அமெரிக்காவின் 2-வது அதிபர் ஜான் ஆடம்ஸ்.

யார் இவர்?

1735-ல் மாசசூசெட்ஸில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். ஹார்வர்டில் படித்து வக்கீல் ஆனார். 1770-ல் பாஸ்டனில் பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டதில் 5 பேர் இறந்தனர். ஊரே கொந்தளித்த நேரத்தில், அந்த வீரர்களுக்காக கோர்ட்டில் ஆஜரானார் ஆடம்ஸ். இத்தனைக்கும் பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்தவர் அவர். வழக்கில் 8 வீரர்களில் 6 பேர் விடுதலை!

பிறகு சுதந்திரப் பிரகடனம் தயாரித்த குழுவில் இடம்பெற்றார். ஜார்ஜ் வாஷிங்டனிடம் 8 வருஷம் துணை அதிபர். 1797-ல் அதிபர்.

அப்புறம் ஏன் இந்தச் சட்டம்?

அப்போது அமெரிக்க வணிகக் கப்பல்களை பிரான்ஸ் பிடித்துக்கொண்டிருந்தது. போர் வந்துடுமோ என்ற பயம். ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சி 4 சட்டங்களைக் கொண்டு வந்தது.

* குடியுரிமைக்கு 5 வருஷம் அல்ல, 14 வருஷம் காத்திருக்கணும்.
* ஆபத்தானவர் என அதிபர் கருதும் வெளிநாட்டவரை வெளியேற்றலாம்.
* போர்க்காலத்தில் எதிரி நாட்டவரைப் பிடித்து வைக்கலாம், நாடு கடத்தலாம்.
* அரசைப் பற்றி அவதூறாக எழுதினால் ஜெயில்.

கடைசிச் சட்டத்தில் எதிர்க்கட்சி எம்.பி. மேத்யூ லயனுக்கே 4 மாத ஜெயில். ஆனா ஜெயிலில் இருந்தபடியே அவர் மறுபடி ஜெயித்தார்!

ஆடம்ஸுக்கு என்ன ஆச்சு?

பிரான்ஸுடன் முழுப் போருக்குப் போகாமல் சமாதானம் பேசினார். அதனால் சொந்தக் கட்சியிலேயே பிளவு. இன்னொரு பக்கம் இந்தச் சட்டங்கள் மீது மக்கள் கோபம். 1800 தேர்தலில் தாமஸ் ஜெபர்சனிடம் தோற்றார். பதவியேற்பு விழாவுக்குக்கூட நிற்காமல், விடியும் முன்பே வாஷிங்டனை விட்டுக் கிளம்பிட்டார். ஆனாலும் ஆட்சி சண்டையில்லாமல் கைமாறியது.

இப்போ என்ன சிக்கல்?

நான்கில் மூன்று சட்டங்கள் 1802-க்குள் முடிந்துபோயின. காலாவதி தேதி இல்லாத அந்நிய எதிரிகள் சட்டம் மட்டும் தப்பியது. அதற்குப் பிறகு 1812 போரிலும், இரண்டு உலகப் போர்களிலும் மட்டுமே பயன்பட்டது. போரோ, ஒரு வெளிநாட்டு அரசின் படையெடுப்போ இருக்கணும் என்கிறது சட்டம். ஒரு கும்பல் அதில் அடங்குமா என்பதுதான் வழக்கின் மையம்.

நாடு கடத்தும் முன் நோட்டீஸ் கொடுக்கணும், கோர்ட்டுக்குப் போக அவகாசம் தரணும் என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரே வெறுத்தாலும் ஒருவருக்கு விசாரணை வேண்டும் என்று 1770-ல் வக்கீல் ஆடம்ஸ் நின்றதும் இதே இடத்தில்தான்.