கல்யாணப் பத்திரிகையில் அம்மா பேர் எங்கே?

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. கடைக்குக் கடை மாதிரி கார்டுகள். தங்க எழுத்து போட்டது, பட்டு நூல் கட்டியது, பிரித்தால் பிள்ளையார் எழுந்து நிற்பது! கார்டைப் பிடித்து, பேரம் பேசி முடிப்பதற்குள் அரை நாள் ஓடிவிடும்.

உள்ளே என்ன அச்சடிப்பது? "போன வருஷம் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு அடிச்சதையே போட்டுடுங்க. பேரை மட்டும் மாத்திடுங்க!" அதற்கு ஐந்தே நிமிஷம்.

வினை அங்கேதான் ஆரம்பம்.

எறும்பு எழுத்து

வருகிறவர் நாலு பேரிடம் வழி கேட்காமல் மண்டபம் வந்து சேர வேண்டும். பத்திரிகை அதற்குத்தானே? "தங்கள் நல்வரவை விரும்பும்" பெரியப்பா, மாமா, மச்சான் என்று முப்பது பேர் வரிசையாக நிற்பார்கள். மண்டபத்தின் முகவரி மட்டும் கடைசியில், எறும்பு எழுத்தில்! "காந்தி தெரு" என்று இருக்கும். சென்னையில் காந்தி தெரு ஒன்றா, இரண்டா? கதவு எண்ணும் பழையது, புதியது என்று இரண்டு. எது என்று போடமாட்டார்கள்.

ஊரிலிருந்து வருகிறவர் பாடு இன்னும் திண்டாட்டம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்தாகிவிட்டது. தென் மாவட்ட அரசு பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. பழைய கார்டைப் பார்த்து அடித்தால் "கோயம்பேட்டிலிருந்து பஸ் வசதி உண்டு" என்றுதான் வரும். விடியற்காலை 6 மணி முகூர்த்தத்துக்கு மூட்டையோடு வந்து இறங்கும் பாட்டி என்ன செய்வார்?

"அதான் வாட்ஸ்அப்ல மேப் அனுப்பிட்டோமே!" என்பார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு மேப்பாவது, ஒன்றாவது!

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்தாக வேண்டும். கெடு 90 நாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சியாகப் பத்திரிகையையும் கேட்கிறார்கள். ஆதார் அட்டையில் ஒரு பேர், பத்திரிகையில் வீட்டில் கூப்பிடும் செல்லப் பேர் என்று இருந்தால், புது மாப்பிள்ளை விளக்கம் சொல்லியே களைத்துப் போவார்.

கூட்டத்துக்கு அழைக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. அடுக்குமாடி வீடுகளின் லிப்ட் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். "ஞாயிறு கூட்டம். முக்கிய விஷயங்கள் விவாதிக்கப்படும்." என்ன விஷயம்? யாருக்கும் தெரியாது. பத்துப் பேர் போவார்கள். மறு மாதம் பராமரிப்புக் கட்டணம் ஏறியிருக்கும்! கேட்டால், "நோட்டீஸ் ஒட்டினோமே சார்!" கம்பெனிகள் பொதுக்குழு கூட்டினால் 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி முழுசாக 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். இடம், தேதி, நேரம், என்ன விஷயம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். குடியிருக்கிறவனுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா?

இருக்கிறவருக்கு இடமில்லை

இதெல்லாம் கவனக்குறைவு. சொன்னால் திருத்திக்கொள்வார்கள். தெரிந்தே செய்கிற ஒன்று இருக்கிறது.

அப்பா செத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். இட்லிக் கடை போட்டோ, துணி தைத்தோ பிள்ளையை ஆளாக்கியவள் அம்மா. பத்திரிகையில், "தெய்வத்திரு இன்னார் அவர்களின் குமாரன்" என்று போன அப்பா இருப்பார். அழைப்பது பெரியப்பாவும் பெரியம்மாவும். உயிரோடு இருக்கும் அம்மா எங்கே? தேடித்தான் பார்க்க வேண்டும்!

"மங்கள காரியம் பாருங்க... பொண்ணு வீட்டுக்காரங்க ஏதாவது சொல்லுவாங்க" என்று மாமா இழுப்பார். பெண் வீட்டாரை யாராவது கேட்டார்களா? இல்லை. அம்மாவைக் கேட்டார்களா? அதுவும் இல்லை. "எம் பேரு எதுக்குப்பா, கல்யாணம் நல்லபடியா நடந்தா போதும்" என்று அவரே ஒதுங்கிக்கொள்வார். அந்த ஒதுங்கலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பெரியவர்களுக்கு ரொம்ப வசதி.

சுயமரியாதைக் கல்யாணம் செல்லும் என்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றிய ஊர் இது. புரோகிதரே இல்லாமல் தாலி கட்டலாம். அம்மா பேரை அச்சடிக்கக் கூடாதாம்!

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டிய ரசீதில் அந்த அம்மாள் பேர் இருக்கிறது. நகை அடகு வைத்த சீட்டில் இருக்கிறது. சமையல்காரரின் நோட்டில் இருக்கிறது. பத்திரிகையில் மட்டும் இல்லை.

அச்சுக்குப் போவதற்கு முன் புரூப் பார்க்கப் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் போகிறார். கையில் பேனாவும் இருக்கிறது. ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தால் அச்சகத்துக்காரர் அதற்குத் தனியாகக் காசு கேட்கப்போவதில்லை.