டாக்டரிடம் கேளுங்கள்: சாயங்காலக் காய்ச்சலும் கழுத்து நெறியும்

கேள்வி: என் கணவருக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். மூன்று மாதத்துக்கு முன், என் நாத்தனார் கொடுத்த ஸ்டெம் செல்லை அவருக்கு ஏற்றினார்கள். நன்றாகத் தேறி வந்தார். இப்போது ஐந்து நாளாகச் சாயங்காலமானால் காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. "ஊரெல்லாம் காய்ச்சல்தானே, கஷாயம் வெச்சுக் கொடு" என்கிறார் மாமியார். பழைய வியாதி திரும்பிவிட்டதா? தன் ரத்தத்தில்தான் ஏதோ கோளாறு என்று நாத்தனார் அழுகிறாள்.
- ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் சொல்லிவிட்டேன், "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்று. பத்திரிகை வரும்வரை காத்திருக்கிற விஷயமில்லை இது. இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

இந்தக் காய்ச்சலுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஏதாவது தொற்று, பழைய நோய் திரும்புவது, மூன்றாவது, பலர் கேள்விப்படாதது: எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ்.

1964-ல் கண்டுபிடித்த கிருமி இது. எச்சில் மூலம் பரவும். உலகில் 100 பெரியவர்களில் 90 பேருக்கு மேல் இது உடம்பில் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். ரத்தத்திலுள்ள 'பி' அணுக்களுக்குள் ஆயுள் முழுக்க ஒளிந்து கிடக்கும். 'டி' அணுக்கள் காவல்காரர் மாதிரி அதைத் தலைதூக்க விடாது.

பிறருடைய ஸ்டெம் செல் ஏற்றியவருக்கு அந்தக் காவலை மருந்து கொடுத்துச் சில மாதங்கள் அடக்கி வைப்பார்கள். இல்லாவிட்டால் புது அணுக்கள் அவர் உடம்பையே தாக்கும். அந்த இடைவெளியில் வைரஸ் புகுந்த 'பி' அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடலாம். அபூர்வம்தான், வந்தால் பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள் வரும். காய்ச்சல், நெறி, டான்சில் வீக்கம், இளைப்பு என்று தெரியும். பார்க்கப் பழைய புற்றுநோய் போலவே இருக்கும், சிகிச்சை வேறு. ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்த்து, நெறியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை டாக்டர் பார்த்துக் குறைப்பார். 'பி' அணுக்களைக் குறிவைக்கும் ரிடுக்ஸிமாப் ஊசியும் உண்டு. ஆனால் நோய் வேகமாகப் பரவக்கூடியது. ஒவ்வொரு நாளும் முக்கியம்.

செய்யக் கூடாதவை: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கஷாயம் வேண்டாம். காய்ச்சல் மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, மாற்றுச் சிகிச்சை செய்த இடத்துக்கே போங்கள். வேலூர் சி.எம்.சி. மாதிரி 1986 முதலே இந்தச் சிகிச்சை செய்கிற இடங்கள் உண்டு. தூரம் என்றால் முதலில் போன் செய்து, எங்கே காட்டுவது என்று கேளுங்கள்.

நாத்தனாரிடம் சொல்லுங்கள்: ஒருவேளை இந்த வியாதியாகவே இருந்தாலும், பெருகும் அணுக்கள் அவள் கொடுத்தவையாக இருக்கலாம், ஆனால் குற்றம் அவளுடையதல்ல. ஊரில் எல்லோரிடமும் இருக்கும் கிருமிதான் அது. அண்ணனுக்கு அவள் கொடுத்தது உயிர். கண்ணைத் துடைத்துக்கொண்டு துணைக்கு வரச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இன்னொரு ஆள் வேண்டியிருக்கும்.