மூடிய கடைகளுக்கு முகாரி பாடுவோர்க்கு

நமது சிங்கப்பூரில் சில காலமாக ஒரு புதுவிதப் பாராயணம் நடந்து வருகிறது. நாலு பேர் கூடுமிடம் கலியாண வீடாயினும் சரி, துக்க வீடாயினும் சரி, அங்கே ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் இருந்துவிட்டாற் போதும், "அந்தக் காலத்துக் கடைகளைப் போலாகுமா?" என்று தொடங்கிவிடுகிறார். கேட்டவர் பெருமூச்சு விடுகிறார். அடுத்தவர் தம் பங்குக்கு ஒரு கடையின் பெயரைச் சொல்லுகிறார். ராபின்சன் என்பார் ஒருவர். ஜான் லிட்டில் என்பார் மற்றொருவர். 1974இல் பிளாசா சிங்கப்பூராவுக்கு வந்து 1997இல் போன யாவோஹானின் ரொட்டி வாசனையை வருணிப்பார் வேறொருவர். முடிவில் சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடையிலும், அடுக்குமாடியின் கீழிருந்த மாமாக் கடையிலும் வந்து பேச்சு நிற்கும். அப்பொழுது எல்லோர் கண்ணும் கலங்கும்.

இந்தக் கண்ணீரைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் எழுதத் துணிந்தோம். நினைவு கூடாதென்பது நமது கட்சியன்று. நமக்கும் அந்நினைவுகள் உண்டு. சாக்குகளின் வாயைச் சுருட்டி வைத்திருந்த அரிசி, பருப்பு, மல்லி; பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டிக் கட்டிய பொட்டலம்; டாச்சிங் என்னும் தூக்குக்கோலில் கட்டிக் கணக்கில் நிறுக்கப்பட்ட சீனி; பணம் போடுவதற்காகக் கயிற்றில் ஏறி இறங்கிய மைலோ டப்பா. இவையெல்லாம் நம் மூக்கிலும் காதிலும் இன்னும் இருக்கின்றன. ஆனால் மூக்கும் காதும் சொல்லும் சாட்சியத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காலத்துக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமாகுமா? அந்தக் கடைக்குள் நின்றவர் யார், வெளியே நின்றவர் யார், இரவில் அங்கே படுத்தவர் யார் என்று கேட்க வேண்டாமா?

முதலிற் பெருங்கடைகளை எடுத்துக்கொள்வோம். ஜான் லிட்டில் 1845இலும், ராபின்சன் 1858இலும் தோன்றியவை. ராபிள்ஸ் பிளேஸ் சதுக்கத்திலே அரண்மனைகளைப் போல் நின்றவை. இவற்றை "நமது கடை" என்று இன்று உரிமை கொண்டாடுகிறார்கள். நாம் கேட்கிறோம்: யாருடைய கடை? வெள்ளைக்காரத் துரைமாருக்கும், அவர்தம் துரைசானிகளுக்கும், சுல்தான்களுக்கும், பெருந்தனவந்தருக்கும் சீமைச் சரக்கை விற்பதற்காக எழுந்தவை அவை. நமது பாட்டன்மார் அந்தச் சதுக்கத்தை அறியாதவரல்லர். நன்றாகவே அறிவார்கள். தெருக் கூட்டியும், மூட்டை சுமந்தும், மாட்டுவண்டி ஓட்டியும் அறிவார்கள். "உள்ளே வராதே" என்று வாயிலில் எழுதி வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. கண்ணாடிக்கு உட்புறம் வைத்த சரக்கின் விலையே காவற்காரனாக நின்றது.

பின்னாளில் காலம் மாறியது; நம்மவரும் சம்பளம் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். நுழைந்த அந்நாளின் பெருமிதத்தை நாம் குறை கூறவில்லை. தந்தை ஒருவர் தம் மகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க முதன்முறையாக அந்தப் படியேறியதில் ஒரு வெற்றி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவ்வெற்றி அந்தத் தந்தையினுடையது. அதைக் கடையின் கருணையாக ஆக்கிப் பாடுவதைத்தான் நாம் மறுக்கிறோம்.

அஃதன்றி, 1972 நவம்பர் 21ஆம் நாளை எவரேனும் நினைக்கிறாரா? அன்று ராபிள்ஸ் பிளேஸிலிருந்த ராபின்சன் கட்டிடம் தீக்கிரையாயிற்று. ஒன்பது உயிர்கள் போயின. மின்தூக்கியினுள் அகப்பட்டு மாண்டவர்கள் அவர்களிலே உண்டு. அந்தக் கடையின் கேக்கும் தேநீரும் நினைவிலிருக்கிறது. கிறிஸ்துமஸ் அலங்காரம் நினைவிலிருக்கிறது. அந்த ஒன்பது பேர் மட்டும் நினைவிலில்லை. இது என்ன ஞாபகம்? இனித்ததை விழுங்கிக் கசந்ததைத் துப்பும் ஞாபகத்தை ஞாபகமென்று எப்படிச் சொல்வது?

இனி, அண்டைக் கடைக்கு வருவோம். இங்கேதான் நமது அன்பர்கள் மிகவும் உருகுகிறார்கள். "கையிற் காசில்லாவிட்டாலும் முதலாளி கடன் கொடுத்தார், 555 புத்தகத்திலே எழுதிக்கொண்டு சாமானைக் கொடுத்தனுப்பினார், அந்த மனம் இந்தக் காலத்தில் எவனுக்கு வரும்?" என்கிறார்கள். அந்தப் புத்தகத்தை நாமும் சுமந்திருக்கிறோம். உள்ளங்கையளவு, அட்டையிலே 555 என்ற எண். சம்பள நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே நம் அன்னையார் அதை நம் கையிற் கொடுத்து, "தம்பி, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போ" என்று சொல்லியனுப்புவார். கூட்டமில்லாத நேரம் எதற்கு என்பது ஒரு நாள் தெரிந்தது. அன்று கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். முதலாளி புத்தகத்தை வாங்கினார், விரித்தார், நிலுவைத் தொகையை எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படித்தார், பிறகு அரைக் கட்டி சீனிக்குப் பதிலாகக் கால் கட்டி நிறுத்துக் கொடுத்தார். அடுத்த வீட்டு அம்மாள் நம்மைப் பார்த்துவிட்டு, பாராததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சொன்னோம். அன்னையார் ஒன்றும் பேசவில்லை. அன்று தமக்கு மட்டும் சீனியில்லாமல் தேநீர் குடித்தார்.

அந்த முதலாளி கொடியவரென்று நாம் சொல்லவில்லை. அவருக்கும் மொத்தக் கடைக்காரனிடம் நிலுவை இருந்திருக்கும். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். நாம் சொல்வது வேறு. ஒருவருடைய அடுப்பு எரிவதும் எரியாததும் இன்னொருவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்திருந்த ஏற்பாடு அது. கடன் கொடுத்த கைக்கு எதிரே, எடை குறைந்தது என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? அரிசியிற் கல் இருக்கிறது என்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்? பக்கத்துக் கடையில் விலை சரசம் என்றால் அங்கே போகத்தான் கால் வருமா? புத்தகம் ஒரு கயிறு. அந்தக் கயிற்றை அன்பு என்று இன்று அழைக்கிறோம். ஏனெனில் இன்று அது நம் கழுத்தில் இல்லை.

இனி, கல்லாவுக்குப் பின்னாலே நின்ற பையனைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? ஊரிலிருந்து, உறவென்றும் தெரிந்தவர் மகனென்றும் சொல்லி, மீசை முளைக்காத பருவத்திலே அழைத்து வரப்பட்டவன் அவன். விடியுமுன் பலகைக் கதவைத் திறப்பவனும் அவனே. நள்ளிரவில் அதை அடைப்பவனும் அவனே. அடைத்தபின் அரிசி மூட்டைகளின் மேலோ, கல்லாவின் அடியிலோ சாக்கை விரித்துப் படுப்பான். சம்பளத்தைக் கையிற் பார்ப்பது அரிது. ஊருக்குக் கப்பலேறும்போது மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பார்களென்று சொல்லி முதலாளியே வைத்துக்கொள்வார். கணக்கு எழுதியவரும் அவரே, கணக்குத் தீர்த்தவரும் அவரே! இரவு பத்து மணிக்குப் போனாலும் கடை திறந்திருந்தது என்று இன்று மகிழ்ந்து சொல்லுகிறோம். பத்து மணிக்குத் திறந்திருந்தது கடையன்று. ஒரு சிறுவனுடைய கண்.

கடைச் சிப்பந்திகளின் வேலைநேரத்துக்கும் ஓய்வுநாளுக்கும் வரம்பு கட்டும் தனிச் சட்டம் இந்நாட்டில் 1957ஆம் ஆண்டில்தான் வந்தது. ராபின்சன் தோன்றியது 1858. நடுவே 99 ஆண்டுகள்! ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முழுவதும், விற்கப்பட்ட சரக்குக்கு விலை இருந்தது. விற்றவனுடைய பொழுதுக்கு இல்லை. பின்னர் 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இவ்வாண்டுகளை நமது பாராயணத்தில் எவரும் சேர்ப்பதில்லை.

"சிப்பந்தியாக வந்தவர் முதலாளியாகவும் ஆனாரே, கோவிந்தசாமி பிள்ளையவர்களைப் பாரும்!" என்று ஒரு வாதம் எழும். மெய்தான். 1887இற் பிறந்து 1980இல் மறைந்த அப்பெரியார் கடைச் சிப்பந்தியாகத் தொடங்கி, சிராங்கூன் ரோட்டிலே பல கடைகளுக்கு உரியவராகி, தேடிய பொருளைப் பொதுக் காரியங்களுக்கும் வழங்கினார். அவரை நாம் வணங்குகிறோம். ஆனால் ஒருவர் ஏணியில் ஏறினார் என்பதனால், ஏணியின் கீழே நின்றவர்களுக்குக் குறைவில்லை என்றாகிவிடுமா? ஏறியவரின் பெயர் மண்டப வாயிலில் இருக்கிறது. சாக்கின் மேற் படுத்து முதுகு வளைந்து, வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்களின் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது?

இப்பொழுது 1973ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். உலகமெங்கும் பண்டங்களின் விலை ஏறிய காலம். அரிசி விலை ஏறியது. பதுக்குவோர்க்கும் கொள்ளை லாபம் அடிப்போர்க்கும் கொண்டாட்டமாயிற்று. அவ்வேளையிலேதான் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், தோ பாயோவில் வெல்கம் என்னும் பெயரிற் கூட்டுறவுப் பேரங்காடியைத் திறந்தது. 1983இல் அது மற்றொரு தொழிலாளர் கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆயிற்று. நியாய விலை என்பதே அப்பெயரின் பொருள். அங்கே அரிசிப் பையின் மேல் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருந்தது. மந்திரியின் மனைவிக்கும் அதே விலை. தெருக் கூட்டும் மாரியம்மாளுக்கும் அதே விலை. முகத்தைப் பார்த்து விலை சொல்லும் வழக்கத்துக்கு முன்னே அந்தச் சீட்டு ஒரு புரட்சியே ஆகும். யாரிடமும் கெஞ்சாமல், யாருக்கும் சிரித்துக் காட்டாமல், தலை நிமிர்ந்து அரிசி வாங்கும் உரிமையை அது கொடுத்தது. அண்டைக் கடையைக் கொன்றது பேரங்காடி என்று பழி சொல்வோர், அந்தச் சீட்டை முதன்முதலாக வாசித்த ஏழைத் தாயின் நெஞ்சை அறியாதவர்கள்.

"அதெல்லாம் சரி, பழைய கடை நம் பெயரை அறிந்திருந்ததே! காய்ச்சலா என்று கேட்டதே! இன்றைய இயந்திரம் கேட்குமா?" என்பார்கள். இந்தக் கேள்விக்கு நாம் மதிப்புக் கொடுக்கிறோம். மனிதன் மனிதனை அறிந்திருப்பது பெரிய செல்வம். அதை இழந்தோம் என்பது உண்மை. ஆனால் அதை இழந்தது யாரால்? நாமே நமக்குப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். 2020 அக்டோபரில் ராபின்சன் கடையை மூடப்போவதாகச் செய்தி வந்ததும் ஊரெங்கும் ஒப்பாரி எழுந்தது. மறுபுறம், இறுதித் தள்ளுபடி விற்பனைக்கு நீண்ட வரிசையும் நின்றது. 2021 ஜனவரியில் கடைசிக் கிளையும் அடைபட்டது. வரிசையில் நின்றவர்களை நாம் கேட்கிறோம்: அதற்கு முந்திய ஆண்டு எத்தனை முறை அங்கே போயிருந்தீர்கள்? பிணத்துக்குப் பட்டுச் சாத்துகிறவர், உயிரோடிருந்தபோது கஞ்சி ஊற்றியிருக்கலாமல்லவா? ஜான் லிட்டிலும் 2016ஆம் ஆண்டின் முடிவோடு அப்படியே போயிற்று. அதன் பழைய முகப்பின் சாயலை ராபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலைய வாயிலிற் செய்து வைத்திருக்கிறார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதனூடே நுழைகிறார்கள். கையிலிருக்கும் தொலைபேசியிற் சாமான் வாங்கிக்கொண்டே நுழைகிறார்கள்!

இதனால் புதியதெல்லாம் நல்லது என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். அரிசி மூட்டையின் மேற் படுத்த பையன் மறைந்து போகவில்லை. அவன் இன்று சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏறி, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் நமது வீட்டு வாசலில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகிறான். நாம் அவன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. இத்தகைய இணையத்தளத் தொழிலாளர்க்குச் சேமநிதியும் விபத்து நட்டஈடும் சட்டப்படி உறுதியாவதற்கு 2025 ஜனவரி முதல் தேதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்னும் ஐம்பது ஆண்டு சென்றபின் நமது பேரப்பிள்ளைகள், "அந்தக் காலத்தில் வாசலுக்கே வந்து கொடுத்தார்களே, அந்த மனம் யாருக்கு வரும்?" என்று கண்கலங்கினாலும் கலங்குவார்கள். அன்றும் அந்த ஓட்டியின் முழங்கால் வலியை நினைப்பார் இருக்கமாட்டார்கள், நாம் இன்றே எழுதி வைக்காவிட்டால்.

ஆகவே நாம் வேண்டுவது மறதியன்று, முழு நினைவு. பழைய கடையைப் பற்றிப் பேசுவோர் தாராளமாகப் பேசட்டும். மைலோ டப்பாவைச் சொல்லும்போது, அதன் கயிற்றை இழுத்த கையையும் சொல்லட்டும். 555 புத்தகத்தைச் சொல்லும்போது, அதை மடியில் மறைத்துக் கொண்டுபோன தாயையும் சொல்லட்டும். கடைச் சிப்பந்திகளாயிருந்த முதியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அவர்களருகே உட்கார்ந்து, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எங்கே படுத்தீர்கள், என்ன சம்பளம், யாரிடம் இருந்தது என்று கேட்டு எழுதட்டும். அண்டையில் இன்னும் திறந்திருக்கும் சிறு கடையின் மீது மெய்யான அன்புடையோர், அது மூடும் நாள் வரை காத்திராமல், நாளைக் காலையிலேயே போய் ஒரு கிலோ வெங்காயம் வாங்கட்டும்; ரொக்கமாக வாங்கட்டும்; அங்கே நிற்கும் பையனுடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இவற்றில் ஒன்றும் செய்யாமல் பெருமூச்சு மட்டும் விடுவோர், தாம் அழுவது கடைக்காக அன்று, கழிந்துபோன தம் இளமைக்காகத்தான் என்று ஒப்புக்கொள்ளட்டும். அதில் வெட்கமொன்றுமில்லை. ஆனால் அந்த இளமையின் கணக்கிலே, அடுத்தவனுடைய உழைப்பு இன்னும் நிலுவையிலிருக்கிறது. அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டிய முறை இப்பொழுது நம்முடையது.